பூ எங்கிருந்து புறப்படுகிறது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், புல்வெளி முடிந்து பாண்டரோசா பைன் மரங்கள் தொடங்கும் சரிவுகள் உண்டு. மழை குறைவு, மண் சரளை, புல் முழங்காலைத் தொடாது. மே மாதத்தில் அந்தப் புல்லுக்கிடையே குனிந்து பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டைச் செடி ஒன்று தென்படும். உடல் முழுக்க முள், உச்சியில் இளஞ்சிவப்புப் பூ. கேக்டஸ் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. எந்தக் கேக்டஸ் என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. பெடியோகாக்டஸ் சிம்ப்சோனி என்ற மலைக் கேக்டஸாக இருக்கலாம். எஸ்கோபாரியா விவிபாரா என்ற புல்வெளிக் கேக்டஸாகவும் இருக்கலாம். இரண்டும் உருண்டை, இரண்டுக்கும் வெளிச்சுற்றில் வெள்ளை முள், நடுவில் செம்பழுப்பு முள், இரண்டும் உச்சியில் இளஞ்சிவப்பாகப் பூக்கக்கூடியவை. பூ இல்லாத மாதங்களில் இன்னும் இரண்டு பேர் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துகொள்கிறார்கள்: எஸ்கோபாரியா மிசூரியென்சிஸ், எகைனோசீரியஸ் விரிடிஃப்ளோரஸ். பூவின் நிறத்தையும் முள்ளின் எண்ணிக்கையையும் வைத்து இந்த நால்வரையும் பிரிக்க முயல்பவர் அடிக்கடி ஏமாறுவார். பூ செடியின் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாறமாட்டார். அது ஏன் என்பதே இங்கே சொல்ல வருவது.

முதலில், கண்ணில் படும் அடையாளங்கள் ஏன் கைவிடுகின்றன என்று பார்ப்போம். உருண்டை வடிவம் உறவைக் காட்டுவதில்லை, வறட்சியைக் காட்டுகிறது. ஒரே அளவு நீரை அடக்கிவைக்கும் எல்லா வடிவங்களிலும் மிகக் குறைந்த மேற்பரப்பு உள்ளது உருண்டைதான். மேற்பரப்பு குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும். ஆகவே வறண்ட நிலத்தில் வாழும் பல கேக்டஸ் கிளைகள் தனித்தனியாக இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. உறவில்லாத உயிரினங்கள் ஒரே நெருக்கடிக்கு ஒரே விடை கண்டு ஒன்றுபோலத் தோன்றுவதை ‘குவிபரிணாமம்’ எனலாம். முள்ளும் அப்படித்தான். வெயிலைத் தடுக்கவும் மேய்ச்சலைத் தடுக்கவும் அடர்ந்த வெள்ளை முள் உதவும் என்றால், அது யாரிடம் வேண்டுமானாலும் தோன்றும். ஒரே சிற்றினத்துக்குள்ளேயே நிழலில் வளர்ந்த செடிக்கும் பாறை மேல் வெயிலில் காய்ந்த செடிக்கும் முள் ஒன்றுபோல இருக்காது.

நிறம் இன்னும் மோசமான சாட்சி. கேக்டஸ் பூக்களின் சிவப்பும் மஞ்சளும் ‘பீட்டாலைன்’ என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பீட்ரூட்டை வெட்டினால் கையில் ஒட்டுகிற சிவப்பும் அதே குடும்பம்தான். செம்பருத்திக்கும் அவரைப் பூவுக்கும் வண்ணம் தரும் ஆந்தோசயனின் கேக்டஸ்களில் இல்லை. பீட்டாலைனில் சிவப்பு வகையும் உண்டு, மஞ்சள் வகையும் உண்டு. இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதைப் பொறுத்து பூ மாறும். அந்த விகிதத்தை மாற்றப் பெரிய மரபணுப் புரட்சி எதுவும் தேவையில்லை. பெடியோகாக்டஸ் சிம்ப்சோனியில் கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என எல்லாமும் உண்டு. பூக்கும் காலத்தை நம்பலாமா? சமவெளிக்குப் பக்கத்தில் பெடியோகாக்டஸ் முந்திக்கொள்ளும், எஸ்கோபாரியா விவிபாரா பின்னால் வரும். ஆனால் பெடியோகாக்டஸ் மலை மேல் மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கும் அதிகமாக ஏறிச் செல்வது. அங்கே பனி உருகத் தாமதமாகும் ஆண்டுகளில், அதன் பூவும் கீழே உள்ள எஸ்கோபாரியாவின் பூவும் ஒரே வாரத்தில் விரியும். நாட்காட்டி உதவாது.

இனி உடலமைப்புக்கு வருவோம். கேக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரிய உறுப்பு ஒன்று உண்டு. தாவரவியலாளர் அதை ஏரியோல் என்கிறார்கள். பஞ்சு போன்ற சிறு மயிர்த்திட்டு அது, அதிலிருந்துதான் முட்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. தமிழில் ‘முள்மெத்தை’ என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளியில் இது கிடையாது. அதன் முட்கள் இரண்டிரண்டாக, இலையடிச் செதில்கள் மாறி உருவானவை. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் கேக்டஸ் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இலங்கை உட்பட சில இடங்களில் மரங்களில் தொங்கும், முள்ளில்லாத ரிப்சாலிஸ். ஆக, தமிழகத்தில் கள்ளி என்று அழைக்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை கேக்டஸ் குடும்பத்தவை அல்ல. சப்பாத்திக்கள்ளி கேக்டஸ்தான், ஆனால் அது கப்பலேறி வந்தது. கிள்ளினால் பால் வரும் செடி யூஃபோர்பியா, வராதது கேக்டஸ் என்று பலரும் சொல்லும் சோதனை ஓரளவு சரி, முழுக்கச் சரியில்லை. மாமில்லரியா என்ற கேக்டஸ் பேரினத்தில் சில சிற்றினங்களைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். பால் பல குடும்பங்களில் தோன்றியிருக்கிறது. முள்மெத்தையோ ஒரே குடும்பத்தின் சொத்து.

அந்த முள்மெத்தை உண்மையில் என்ன? பள்ளிக்கூடத் தாவரவியலில் கோணமொட்டு என்று படித்திருப்போம்: இலை தண்டோடு சேரும் கோணத்தில் உறங்கும் மொட்டு. கிளையோ பூவோ அதிலிருந்து வரும். கேக்டஸில் இலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. கோணமொட்டு மட்டும் மிஞ்சி, வளராமல் குறுகிய கிளையாக நின்றுவிட்டது. அந்தக் குறுங்கிளையில் இலைகள் வரவேண்டிய இடத்தில் முட்கள் வருகின்றன. வளரும் நுனிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத்தான் இதைக் கண்டறிந்தார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் நார்மன் போக் என்ற தாவரவியலாளர் 1950களில் இந்த வகைச் சீவல்களை வைத்து வெளியிட்ட ஆய்வுகள் இத்துறைக்கு அடிப்படை. முள்ளின் தொடக்கமும் இலையின் தொடக்கமும் அந்தச் சீவல்களில் ஒரே மாதிரிப் புடைப்பாகத்தான் எழுகின்றன. முள் பிறகுதான் தன் வழியே போய்க் கெட்டிப்படுகிறது.

இங்கேதான் நம் வாதத்தின் அச்சாணி இருக்கிறது. முள்மெத்தை ஒரு மொட்டு என்றால், பூவும் அங்கிருந்துதான் வரவேண்டும். எல்லாக் கேக்டஸிலும் அப்படியே வருகிறது. ஆனால் அந்த மொட்டின் எந்தப் பகுதியிலிருந்து, தண்டின் எந்த வயதில் என்பது குலத்துக்குக் குலம் வேறுபடுகிறது. மாமரம் கிளை நுனியில் பூக்கும், பலா அடிமரத்தில் காய்க்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு காயின் காம்பைத் தடவினாலே எந்த மரம் என்று சொல்லிவிடலாம், காயின் நிறம் தெரியவேண்டியதில்லை. கேக்டஸில் இந்த வேறுபாடு சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கண்ணுக்குத் தப்புகிறது, அவ்வளவுதான்.

எஸ்கோபாரியா விவிபாராவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதன் உடல் வரிவரியான முகடுகளால் ஆனதல்ல, தனித்தனிக் குமிழ்களால் ஆனது. ஒவ்வொரு குமிழின் நுனியிலும் ஒரு முட்கொத்து. முட்களை ஒரு குச்சியால் மெல்ல விலக்கி, குமிழின் மேல்புறத்தை, அதாவது செடியின் உச்சியை நோக்கிய பக்கத்தை, உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் நுனியிலிருந்து அடிவரை ஒரு மெல்லிய கோடு ஓடுவது தெரியும். இளம் குமிழில் அந்தக் கோடு நெடுக வெண்பஞ்சு அடைந்திருக்கும். முதிர்ந்ததில் பஞ்சு உதிர்ந்து வெறும் பள்ளம் மிஞ்சும். இதை ‘வரிப்பள்ளம்’ என்போம். பூ இந்த வரிப்பள்ளத்தின் அடிமுனையில், இரண்டு குமிழ்கள் சந்திக்கும் இடுக்கில் பிறக்கிறது. முள் குமிழின் நுனியில், பூ குமிழின் அடியில். நடுவே பள்ளம். சீவல் ஆய்வுகள் இதற்கு அழகான விளக்கம் தந்தன. தொடக்கத்தில் அங்கே இருப்பது ஒரே ஓர் ஆக்குத்திசு, புதிய செல்களைப் பிறப்பிக்கும் திசு. குமிழ் நீளும்போது அந்தத் திசுவும் இழுபட்டு நீள்கிறது. ஒரு முனை முள்ளை உண்டாக்குகிறது, மறுமுனை பூவை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் இடையே இழுபட்ட தடம்தான் அந்தப் பள்ளம். மாமில்லரியாவில் இதே திசு இரண்டாக அறுந்தே போய்விடுகிறது. அங்கும் பூ குமிழ்களின் இடுக்கில்தான் பிறக்கும், பள்ளம் மட்டும் இராது.

பெடியோகாக்டஸுக்கும் உடல் குமிழ்களால் ஆனதே. தூரத்திலிருந்து பார்த்தால் எஸ்கோபாரியாவின் உடன்பிறப்பு என்றே சொல்லத் தோன்றும். ஆனால் குமிழின் மேல்புறத்தில் கோடு இல்லை. அடிவரை இறங்கிப் போகாமல், பூ குமிழின் நுனியிலேயே, முட்கொத்தை ஒட்டி அமர்ந்த பஞ்சுத்திட்டில் பிறக்கிறது. பூ வாடி உதிர்ந்தபின் அந்த இடத்தில் வட்டமான தழும்பு ஒன்று நின்றுவிடும். அது பல ஆண்டுகள் மறையாது. எகைனோசீரியஸ் விரிடிஃப்ளோரஸோ வேறு கட்டுமானம். குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மேலிருந்து கீழாக முகடுகளாக ஓடும். அதன் மொட்டு தண்டுக்குள்ளேயே உருவாகி, முட்கொத்துக்குச் சற்று மேலே தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும், அதுவும் உச்சியில் அல்ல, பழைய தண்டின் பக்கவாட்டில். பச்சையும் பழுப்புமான அந்தப் பூக்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டியதுபோல நிற்பதைப் பார்த்தவர் மறுபடி குழம்பமாட்டார்.

நான்காமவர் எஸ்கோபாரியா மிசூரியென்சிஸ். இதற்கும் வரிப்பள்ளம் உண்டு. ஆகவே பூ பிறக்கும் இடம் இதை விவிபாராவிடமிருந்து பிரிக்காது. பேரினம் வரை கொண்டுவிட்டுப் பள்ளம் ஒதுங்கிக்கொள்கிறது. அதற்குமேல் கனியிடம் கேட்கவேண்டும். விவிபாராவின் கனி பச்சையாகவே பழுத்து மெல்ல மங்கிய பழுப்புச் சிவப்புக்கு மாறும், விதை செம்பழுப்பு. மிசூரியென்சிஸின் கனி பளிச்சென்ற சிவப்பு, விதை கறுப்பு. அந்தச் சிவப்புக் கனி குளிர்காலம் முழுக்கச் செடியிலேயே இருந்து, அடுத்த ஆண்டுப் பூ விரியும்போதும் பக்கத்தில் நிற்பதுண்டு. பூவும் பொதுவாக இளஞ்சிவப்பாக இராமல் வெளிர் மஞ்சளாக இருக்கும், ஆனால் நிறத்தை நம்பவேண்டாம் என்று இப்போதுதானே சொன்னோம். இரண்டின் விதைகளும் உருப்பெருக்கியில் நுண்குழிகள் நிறைந்தவை. பெடியோகாக்டஸின் கனி இவற்றைப் போலச் சாறுள்ளதே அல்ல: காய்ந்து, ஒரு பக்கமாக வெடித்து, விதையைக் கொட்டும்.

இனி எதிர்வாதங்கள். பூ எங்கே பிறக்கிறது என்பதும் ஓர் உறுப்பின் அமைப்புதானே, வடிவமும் முள்ளும் சூழலுக்கேற்ப மாறுமானால் இது மட்டும் ஏன் மாறாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை இது: இயற்கைத் தேர்வு விளைவைத்தான் பார்க்கிறது, அந்த விளைவு எந்த வழியில் உண்டானது என்பதைப் பார்ப்பதில்லை. மகரந்தம் தேடி வரும் தேனீக்குப் பூ முட்களுக்கு மேலே, எட்டும்படி, வெயிலில் விரிந்திருந்தால் போதும். எஸ்கோபாரியாவிலும் பெடியோகாக்டஸிலும் அப்படியே விரிகிறது. அது குமிழின் நுனியில் வேர்விட்டதா அடியில் வேர்விட்டதா என்பது தேனீயின் கணக்கில் வராது. ஆகவே அதை ஒன்றாக்கும் நெருக்கடி எதுவும் இல்லை. முன்னோரிடம் எப்படி இருந்ததோ அப்படியே தொடர்கிறது. ஒரே தோற்றத்துக்கு இரண்டு வேறு வழிகளில் வந்தவர்களை அந்த வழிதான் காட்டிக்கொடுக்கும். இதற்கும் விதிவிலக்கு இல்லாமல் இல்லை. நியோலாய்டியா போன்ற வேறு பேரினங்களிலும் வரிப்பள்ளம் உண்டு. ஆனால் அவை டெக்சாஸுக்கும் மெக்சிகோவுக்கும் உரியவை, கொலராடோப் புல்வெளியில் குறுக்கே வரமாட்டா. எந்த அடையாளத்துக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

பூவே இல்லாத காலத்தில் பூ பிறக்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. விவிபாராவின் ஒரு பூ சில நாள்தான் நிற்கும். ஆண்டில் பெரும்பகுதி செடி முள்ளாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளமும் தழும்பும் போய்விடுவதில்லை என்று பார்த்தோம். அதனால் இந்த அடையாளம் நிறத்தைவிடப் பல மாதம் அதிகமாகக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் தேடுவதே கடினம். நீரை இழந்து சுருங்கி, உடல் மண்ணோடு மண்ணாகத் தாழ்ந்துவிடும். கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன், மானிடோபா வரை விவிபாரா பரவி நிற்க முடிவதற்கு இந்தச் சுருங்கலும் ஒரு காரணம். செல்களில் நீர் குறைந்து சாறு அடர்த்தியானால் பனிக்கட்டி உருவாவது கடினம்.

உண்மையிலேயே வலுவான எதிர்வாதம் குஞ்சுச் செடிகளைப் பற்றியது. பூக்கும் பருவத்தை எட்டாத எஸ்கோபாரியாவில் வரிப்பள்ளம் இராது. பூவை உண்டாக்கும் முனை இன்னும் விழிக்கவில்லை, ஆகவே இழுபட்ட தடமும் இல்லை. அதைப் பார்த்து, பள்ளம் இல்லை, எனவே பெடியோகாக்டஸ் என்று முடிவுகட்டினால் தவறு. இல்லாததைச் சாட்சியாக வைப்பதற்கு முன், இருக்கவேண்டிய வயது ஆகிவிட்டதா என்று கேட்கவேண்டும். அந்த வயதைச் சொல்லும் ஒரே நேரடி அத்தாட்சி பூவோ, கனியோ, அவற்றின் தழும்போதான். அளவு சொல்லாது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கு எல்லையோரம், பின்யான் பைனும் ஜூனிப்பரும் கலந்த வறண்ட காட்டில், பெடியோகாக்டஸ் நோல்டோனி என்ற சிற்றினம் உள்ளது. பல செடிகள் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. நடுமுள் கிடையாது. பார்ப்பவர் சிம்ப்சோனியின் குஞ்சு என்றே நினைத்துத் தாண்டிப் போய்விடக்கூடும். ஆனால் அந்த அளவிலேயே பூத்துக் காய்க்கிறது. 1958இல்தான் அது கண்டெடுக்கப்பட்டது. 1979இல் அமெரிக்க அரசு அதை அழிவின் விளிம்பில் உள்ள தாவரமாகப் பட்டியலிட்டது. சேகரிப்பவர்கள் தோண்டிக்கொண்டு போனதே அதன் முதன்மைத் துயரம். குஞ்சா முதிர்ந்ததா என்ற கேள்வி அங்கே ஒரு சிற்றினத்தின் இருப்பையே தொடுகிறது. கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் 1975 முதல் அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. அடையாளம் காண்பதற்கென்று செடியைப் பிடுங்கவேண்டிய தேவையும் இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு குச்சியும் உருப்பெருக்கியும் மண்டியிட்ட முழங்காலும் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு உறுதியான அடையாளம் என்றால் பெயர் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? விவிபாராவின் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல தீனி. மிசூரி ஆற்றின் வழியே 1811இல் பயணம் செய்த தாமஸ் நட்டால் வழியாக அறிவியலுக்கு அறிமுகமானது. 1813இல் கேக்டஸ் என்ற பேரினத்தில் பெயர் பெற்றது. அப்போது லின்னேயஸ் வழக்கப்படி எல்லாக் கேக்டஸும் அந்த ஒரே பேரினம்தான். 1819இல் மாமில்லரியா. 1913இல் பிரிட்டன், ரோஸ் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் கோரிஃபாந்தாவுக்கு மாற்றினார்கள். 1951இல் எஸ்கோபாரியா. 2022இல் டி.என்.ஏ. ஆய்வை ஆதாரமாகக் கொண்டு மெக்சிகோ ஆய்வாளர்கள் எஸ்கோபாரியாவையே பெலசிஃபோரா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். பழகிய பெயரையே இந்தக் கட்டுரை பயன்படுத்துகிறது, பல கையேடுகளும் அப்படித்தான். இந்த மாற்றங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். முதல் பெயரை விட்டுவிட்டால் மற்ற எல்லாமும் ஒரே வட்டாரத்துக்குள் நடந்த இடமாற்றங்கள்: பூ குமிழ்களின் இடுக்கில் பிறக்கும் செடிகளின் வட்டாரம். செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவரும் கேக்டஸ் ஆராய்ச்சியின் முன்னோடியுமான ஜார்ஜ் எங்கல்மன் 1856இலேயே, மாமில்லரியாவுக்குள் பள்ளமுள்ளவற்றைத் தனி உட்பிரிவாக்கி அதற்குக் கோரிஃபாந்தா என்று பெயரிட்டார். கேப்டன் சிம்ப்சன் தலைமையில் 1859இல் யூட்டா பகுதிக்குச் சென்ற ராணுவ ஆய்வுக்குழு கொண்டுவந்த மலைக் கேக்டஸுக்கு 1863இல் பெயர் சூட்டியவரும் அவரே. அதை அவர் மாமில்லரியாவில் வைக்கவில்லை, எகைனோகாக்டஸில் வைத்தார். குமிழ் இருந்தும் ஏமாறவில்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது மாமில்லரியாவும் கோரிஃபாந்தாவும் எஸ்கோபாரியாவும் ஒரே கொத்தில் விழுந்தன. பெடியோகாக்டஸ் அந்தக் கொத்துக்கு வெளியே நின்றது. எங்கல்மனிடம் மரபணுவைப் படிக்கும் கருவி கிடையாது. உலர்ந்த செடியும் உருப்பெருக்கியும்தான் இருந்தன.

அப்படியானால் இன்று நேரே டி.என்.ஏ.வையே பார்த்துவிடலாமே என்பவர்களுக்கும் பதில் வேண்டும். பார்க்கலாம். ஆனால் ஒரு செடியின் மரபணு வரிசை தன்னந்தனியாக எதையும் சொல்லாது. பெயர் தெரிந்த இன்னொரு செடியின் வரிசையோடு ஒப்பிட்டால்தான் பேசும். அந்த இன்னொரு செடிக்குப் பெயர் வைத்தவர் பள்ளத்தையும் விதையையும் பார்த்தே வைத்திருப்பார். அவர் தவறியிருந்தால் கணினியும் அதே தவறைத் திருப்பிச் சொல்லும். தவிர, அண்மைக்காலத்தில் பிரிந்த கேக்டஸ் சிற்றினங்களுக்கிடையே, வழக்கமாக ஒப்பிடப்படும் பசுங்கணிக மரபணுத் துண்டுகளில் வேறுபாடு மிகக் குறைவு. கைப்பேசிச் செயலிகளின் பிரச்சினை வேறு. அவை படங்களிலிருந்து கற்றவை, மனிதர்கள் எடுக்கும் படங்களோ பெரும்பாலும் பூவுக்கு நேர் மேலிருந்து எடுத்தவை. எந்தக் கோணத்தில் பூவின் அடி மறைகிறதோ அந்தக் கோணத்தையே எல்லோரும் விரும்புகிறோம். குமிழின் மேல்புறம் தெரியும்படி, முள்ளை விலக்கி, பக்கவாட்டில் ஒரு படம் கூடுதலாக எடுத்தால், அதைப் பின்னால் பார்க்கும் நிபுணருக்கு வேலை பாதி குறையும். செயலி தரும் பெயரைத் தீர்ப்பாக எடுக்காமல் புகாராக எடுத்துக்கொண்டு விசாரிப்பது நல்லது.

ஒரு சிறு முட்செடிக்குச் சரியான பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குத் தென்னிந்தியாவே உதாரணம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொச்சினீல் என்ற சிவப்புச் சாயம் வேண்டியிருந்தது. சப்பாத்திக்கள்ளிகளின் மேல் வாழும் செதில் பூச்சியிலிருந்து அது கிடைக்கும். சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்று கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. சாயப்பூச்சி என்று நம்பிக் கொண்டுவந்தது அதன் காட்டு உறவுப் பூச்சி. சாயம் தேறவில்லை. ஆனால் அந்தப் பூச்சி பின்னர் தெற்கே பரவி, காடு மேடெல்லாம் மண்டிக்கிடந்த ஒரு சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. ஒன்றைத்தான் தீர்த்தது. பக்கத்திலேயே வளர்ந்த மற்றொரு சப்பாத்திக்கள்ளி, இன்று ஒபன்ஷியா டில்லெனி எனப்படுவது, அதற்கு ருசிக்கவில்லை. அதை அடக்க 1926இல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவரவேண்டியிருந்தது. இரண்டு முறையும் பூச்சிகள் மனிதர்களைவிடத் துல்லியமாகச் செடியை அடையாளம் கண்டன. கள்ளி என்றால் கள்ளிதானே என்று இருந்தவர்களுக்கு, எந்தக் கள்ளி, எந்தப் பூச்சி என்ற கேள்விக்கு விடை தெரிய நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

கொலராடோச் சரிவுக்குத் திரும்பினால், இந்த முறை எதுவரை கொண்டுசெல்லும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பூ பிறக்கும் இடம் பேரினத்தைத் தரும். கனியும் விதையும் சிற்றினத்தைத் தரும். அதற்குக் கீழே, விவிபாராவுக்குள்ளேயே வட்டார வகைகளைப் பிரிப்பதற்கு இவை எதுவும் போதாது. லைமன் பென்சன் 1982இல் வெளியிட்ட அமெரிக்க, கனடியக் கேக்டஸ் நூலில் விவிபாராவைப் பல வகைகளாகப் பிரித்தார். பிரிப்புக்கு அவர் நம்பியவற்றில் முட்களின் எண்ணிக்கையும் அளவும் முக்கியமானவை. அந்த வகைகள் பலவற்றை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. ஒரு வட்டாரத்துச் செடிகளை நூற்றுக்கணக்கில் எண்ணிப் பார்த்தால் ஒரு வகையின் எண்ணிக்கை அடுத்த வகைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. முள்ளை எண்ணி எல்லை போடுவது வெயிலையும் மழையையும் எண்ணுவதாகவே முடியக்கூடும். அந்த மட்டத்தில் தனிச்செடியை அடையாளம் காண்பது என்ற கேள்வியே பொருந்தாது. ஒரு சரிவு முழுக்க உள்ள செடிகளை அளந்து, அடுத்த சரிவோடு ஒப்பிட்டுத்தான் பேசமுடியும். புல்வெளியில் ஒரே ஒரு செடிக்கு முன்னால் மண்டியிட்டிருப்பவர் ‘எஸ்கோபாரியா விவிபாரா’ என்று எழுதிக்கொண்டு, வகைப்பெயருக்கான இடத்தைக் காலியாக விடலாம்.